பன்னிரண்டாயிரத்துச் சிவப்பு

நாற்பத்திரண்டும் பத்தொன்பதும் அறுபத்தொன்று, ஸ்டியரிங்கைச் சேர்க்காமலேயே ஆயிரம் ரூபாய் இடிக்கிறதே என்று நினைத்துக்கொண்டேதான் நல்லுசாமி சத்திரம் பஸ் நிலையத்தில் பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டு விசில் கொடுத்தான். இரண்டு கொடுத்தால் போ, ஒன்று கொடுத்தால் நில். இருபத்திரண்டு வருஷ கண்டக்டர் பிழைப்பில் இந்த இரண்டும் அவனைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிடும், தூக்கத்தில் ‘உள்ள போ, உள்ள போ’ என்று மனைவி செண்பகத்தைச் சுவரோரம் தள்ளியவன்தானே அவன். துவாக்குடி டவுன் பஸ் குலுங்கிக் கிளம்பியது. சட்டைப்பையில் தேதி காலண்டரின் தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது, அதன் முதுகில்தான் அவனுடைய வண்டி இருந்தது. வண்டி என்றால் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் பில் போடுகிற கம்ப்யூட்டர் இல்லை, பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஓடக்கூடிய கம்ப்யூட்டர். சிங்காரத்தோப்பில் கடை வைத்திருக்கும் அனீஸ் தம்பி சொல்லச் சொல்ல நல்லுசாமி எழுதிக்கொண்டது: பிராசசரும் மதர்போர்டும் சேர்த்துப் பதினைந்தரை, ரேம் மூன்றரை, எஸ்எஸ்டி மூன்று, பவர் சப்ளை மூன்றரை, கேபினட் இரண்டரை, செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு பதினாலு, ஆக நாற்பத்திரண்டு. அதோடு சாதா மானிட்டர் ஏழு, காலில் மிதிக்கிற பெடலோடு ஸ்டியரிங் பதினொன்று. மொத்தம் அறுபது, அச்சு அசலாக அறுபது, செண்பகம் சீட்டெடுத்து ஃபிரிட்ஜ் மாற்றியது போகக் கொடுத்த அதே அறுபது. “நாள் பூரா பஸ்சுல போயிட்டு வந்து வீட்டுக்குள்ளயும் பஸ்சா? அறுபதுக்கு மேல ஒரு பைசா கேட்டீங்க, அந்தப் பஸ்சுலயே ஏறிப் போயிருங்க” என்று அவள் சொல்லியாயிற்று. அப்படியானால் கணக்கு முடிந்துபோனதுதானே, இன்னும் என்னத்தைப் போட்டு உழப்புகிறான் என்று கேட்டால், ஏழாயிரத்து மானிட்டர் இருந்த இடத்தில் நல்லுசாமி தன் கைப்படப் பத்தொன்பதாயிரத்து மானிட்டரை எழுதியிருந்தான். அதுதான் உழப்பல்.

“கல்யாண ஆல்பம் போடறவங்க வாங்குற மானிட்டர் சார் இது, கேம் ஆடறவங்களுக்கு எதுக்கு?” என்று அனீஸ் மூன்று தரம் கேட்டுவிட்டான். மூன்று தரமும் நல்லுசாமி, “கலர் சுத்தமா தெரியணும் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். இப்போது காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் ஒன்றும் அதன் சொந்தக்காரரும் ஏறினார்கள். தாருக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கும்போதே ஒரு யோசனை வந்தது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டால்? நாற்பத்திரண்டும் பத்தொன்பதும் அறுபத்தொன்று, ஆயிரம் ரூபாய்தானே, கேபினட்டை வேண்டாமென்று சொல்லிப் புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், அட்டைப்பெட்டி சும்மாதானே கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஆனால் ஸ்டியரிங் இல்லாத பஸ் ஒரு பஸ்ஸா? கீபோர்டில் அம்புக்குறியை அமுக்கி வளைவதற்கு அவன் என்ன தட்டச்சா படிக்கிறான்? சரி, கிராபிக்ஸ் கார்டை விட்டால்? இருபத்தெட்டு, பத்தொன்பது, பதினொன்று, ஐம்பத்தெட்டு, இரண்டாயிரம் மிச்சம்கூட ஆகிறது. ஆனால் கார்டு இல்லாவிட்டால் வண்டி விட்டு விட்டுத்தான் நகருமாம், இங்கே பார்த்தால் பாலத்துக்கு இந்தப்பக்கம், மறுபடி பார்த்தால் ஆற்றுக்குள். பவர் சப்ளையில் மலிவாகப் போட்டால் ஒரு ஆயிரம் குறையும், ஆனால் “அதுல மட்டும் கை வெக்காதீங்க சார், அது போச்சுன்னா மொத்தத்தையும் கூட்டிட்டுப் போயிரும்” என்று அனீஸ் பயமுறுத்தியிருந்தான். “கண்டக்டரே, துவாக்குடிக்குக் கேட்டா திருவெறும்பூர் குடுத்திருக்கீங்க” என்றார் வாழைத்தார்க்காரர். “மூணு ரூவா கம்மிதானே, சந்தோசமா இருங்களேன்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தான். தாருக்குள் ஒரு பழத்தைத் தடவியபடி, “பழுத்திருச்சா பாருங்க, பச்சையாதானே இருக்கு?” என்றார் அவர். “உங்க தாரு, உங்களுக்குத் தெரியாதா?” என்று நல்லுசாமி நகர்ந்துவிட்டான். இந்த மாதிரி நகர்வதில் அவன் கைதேர்ந்தவன்.

ஏனென்றால் நல்லுசாமிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. ஒன்றென்றால் ஒன்றேதான், இரண்டும் சேர்ந்து ஒரு மங்கல் காவி. இந்த உலகத்தில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவன் நல்லுசாமி, இன்னொருவர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பரிசோதித்த டாக்டர், அவரும் அப்போதே வயசானவர், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவன் ஒரு நம்பிக்கை வைத்திருந்தான். டிரைவர் வேலைக்குத்தான் அவன் போனான். ஹெவி லைசன்ஸ் எடுத்து, காலை ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் முதல் ஆளாக நின்றான். முதல் ஆள் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமை! டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார், பக்கம் முழுக்கப் புள்ளி. “என்ன தெரியுது?” “புள்ளி தெரியுதுங்க சார்.” “புள்ளிக்குள்ள என்ன நம்பர் தெரியுது?” “புள்ளிக்குள்ள புள்ளிதாங்க சார் தெரியுது.” அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் புள்ளி. டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, ‘தகுதியில்லை’ என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டில், டிரைவர் இடமெல்லாம் நிரம்பிவிட்டது, கண்டக்டர்தான் அதிகாரமான வேலை, பணம் நம் கையில் புழங்கும் என்று சொல்லிக்கொண்டான். கல்யாணமாகி வந்த செண்பகத்துக்கும் அதே கதைதான். சங்கத்து ஊர்வலத்தில் கொடி மாறி, வேறொரு சங்கத்தோடு மெயின்கார்டு கேட் வரைக்கும் கோஷம் போட்டுக்கொண்டே போய்விட்டு, “ஒற்றுமைக்காகத்தான் போனேன்” என்று சமாளித்திருக்கிறான். இப்போதும் பால்பண்ணையில் ஒரு அம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “ஃப்ரீ வண்டிதானண்ணே?” என்று கேட்க, “முன்னாடி பிங்க் கலர் அடிச்சிருக்குல்ல, பாத்துட்டுத்தானே வர்றீங்க” என்று அதட்டினான். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத வண்டி என்று தெரிவதற்காக அடித்த பிங்க் அது, ஊருக்கே தெரியும். அவனுக்கு அது அடித்த நாளிலிருந்து சாம்பல்.

இதெல்லாம் பழகிப்போய்விட்டது, உண்மையைச் சொன்னால் மறந்தே போய்விட்டது, டெப்போ மெக்கானிக் ஜெயபால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்த விளையாட்டைக் காட்டுகிற வரைக்கும். நம் ஊர் டவுன் பஸ்ஸையே யாரோ புண்ணியவான் உள்ளே செய்து போட்டிருந்தான், ஜன்னல் கம்பி முதற்கொண்டு, முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் முதற்கொண்டு. ஜெயபால் வீட்டு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நல்லுசாமியின் உள்ளங்கையில் இருபத்துநாலு வயசு வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் கியர், இரண்டாவது கியர், மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, மழை. என்னமாய் ஓட்டினான்! அவனே அசந்துபோனான். கடைசி வரைக்கும் ஒரேயொரு குறைதான், அதில் கண்டக்டரே கிடையாது, வண்டி நின்றால் ஜனங்கள் தானாக ஏறி உட்காருகிறார்கள், விசில் கொடுக்க ஒரு ஆள் இல்லை. என் இனத்தையே அழித்துவிட்டார்களே பாவிகள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒரு ஊருக்குள் நுழைந்தான். நடுரோட்டில் கம்பியில் தொங்கிய சிக்னல், படுக்கைவசமாக மூன்று விளக்கு, மழையில் எந்த விளக்கு எரிகிறதென்று தெரிந்தாலும் எது எதுவென்று தெரியவில்லை. வெளியே நிஜ ரோட்டிலென்றால் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை, அவ்வளவுதான் அவன் பாடம். படுக்க வைத்தால்? போய்விட்டான். டிங் என்று ஒரு சத்தம், திரை மேலே, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம். “என்னண்ணே, கண்ணு தெரியலையா?” என்று ஜெயபால் விழுந்து விழுந்து சிரித்தான். “கண்டக்டர் பழக்கம், சிக்னல நான் எங்க பாத்தேன்” என்று நல்லுசாமியும் சிரித்தான். ஆனால் வயிற்றுக்குள் அந்தப் பழைய புத்தகம் விரிந்துகொண்டது. புள்ளிக்குள்ள புள்ளி.

அறுபதாயிரம் செலவழித்து, வீட்டுக்குள்ளேயே, தன் சொந்த மேஜையில், மறுபடியும் ஃபெயிலாவதற்கா? அதுவும் செண்பகம் காப்பியோடு பின்னால் நின்று பார்க்கும்போது டிங் என்று கேட்குமே, ஏன் நிக்காமப் போறீங்க, செவப்புதானே எரியுது என்று கேட்பாளே, அப்போது என்ன சொல்வான், அவளிடம் அதிகாரமான வேலை என்று சொல்லிக் கட்டின அத்தனையும் ஒரு டிங்கில் போய்விடுமே. அந்தப் பயத்தில்தான் பத்தொன்பதாயிரத்து மானிட்டர். ‘உண்மையான நிறங்கள்’ என்று அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை அனீஸ் படித்துக் காட்டினான். நல்லுசாமி அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் பார்த்ததெல்லாம் மட்டமான சரக்கு, உண்மையான சிவப்பை யாரும் அவனுக்குக் காட்டவில்லை, பன்னிரண்டாயிரம் கூடப் போட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு மனசு. கிறுக்கா உனக்கு, மிளகாயைவிட உண்மையான சிவப்பு எங்கே இருக்கிறது, அதுவே தெரியவில்லையே என்று இன்னொரு மனசு. இரண்டும் அரியமங்கலம் வரைக்கும் அடித்துக்கொண்டன. ஸ்டியரிங்கா, கார்டா, சிவப்பா? மூன்றில் இரண்டுதான். டிரைவர் சீட்டில் இன்னாசியண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக இந்த இருவரும் ஒரே ஜோடி, பேச்சு குறைவு, விசில்தான் பாஷை. இன்னாசியின் நிதானம் டெப்போவில் பேர்போனது. சிக்னலில் முன்னால் வேறு வண்டி இல்லாவிட்டால், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும், ஒரு நிமிஷம் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அந்த நிதானத்தையெல்லாம் நல்லுசாமி பொறாமையோடு பார்த்திருக்கிறான். நமக்குக் கண் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் ஓட்டியிருப்போம் என்று நினைத்து, உடனே யாரிடமாவது “சில்லறையா குடுங்க” என்று எரிந்து விழுவான்.

காட்டூரில் வண்டி நின்றபோது போன் அடித்தது, அனீஸ். ஏறுகிற கூட்டம் பெரிய கூட்டம், இரைச்சல் காதைப் பிடுங்கியது. நல்லுசாமி பின்படியில் இறங்கி, கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கினான். “சார், ஒரு மணிக்குள்ள முடிவு சொல்லுங்க. அந்த கார்டு கேட்டு இன்னொருத்தர் கடையில வந்து உக்காந்திருக்காரு.” “கார்டு வேணும் தம்பி. ஸ்டியரிங்கும் வேணும். அந்த மானிட்டர மட்டும் கொஞ்சம்...” “சார், நான் கடைக்காரன். விலை கூடுனத வித்தா எனக்குத்தான் லாபம். நானே வேணாங்குறேன். எதுக்கு சார் உங்களுக்கு அது? இந்தத் தடவ சொல்லிருங்க.” ஜூஸ் மெஷின் கரகரவென்று சுற்றியது. நல்லுசாமி சுற்றுமுற்றும் பார்த்தான், ஜூஸ்காரர் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் தொண்டையில் நின்றது காட்டூர் நிறுத்தத்தில் வெளியே வந்தது. “எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் தம்பி. சிக்னல் தெரியாது. அதான்.” டாக்டர் பேனாவை எடுத்தது நினைவுக்கு வந்தது. “அட, இதுக்கா சார் பன்னெண்டாயிரம் போடப் பாத்தீங்க?” என்றான் அனீஸ். “மானிட்டர மாத்துனா அது எப்பிடி சார் தெரியும்? கேம்லயே செட்டிங்ஸ்ல இருக்கும் சார், உங்களுக்குத் தெரியுற மாதிரி கலர மாத்திக் காட்டும். ஒரு டிக் போட்டா முடிஞ்சுது, காசே கிடையாது.” “எனக்குன்னு தனியாவா வெச்சிருக்கான்?” “உங்கள மாதிரி நெறையப் பேரு சார். ஆம்பளைங்கள்ல நூத்துக்கு நாலஞ்சு பேரு இருப்பாங்க.” நூற்றுக்கு நாலு. நல்லுசாமி தலை எண்ணிப் பழகியவன், தானாகவே திரும்பி வண்டியைப் பார்த்தான். உள்ளே ஐம்பது ஆண்களாவது இருப்பார்கள். அப்படியானால் என்னையும் சேர்த்து இரண்டு பேர். இந்த வண்டியிலேயே இன்னொருத்தன்! யாராக இருக்கும், அந்த வாழைத்தார்க்காரரா? அதனால்தான் பச்சையா என்று கேட்டாரோ? ஒரு டிக், காசே கிடையாது. டாக்டர் எழுதின எழுத்துக்கு எதிராக ஒரு டிக். “போடு தம்பி” என்றான். “கார்டு, ஸ்டியரிங், சாதா மானிட்டர். அறுபது. போட்ரு.” போனைப் பைக்குள் போட்டான். படியில் ஏறவேண்டியவர்கள் எல்லாரும் ஏறியாயிற்று. சந்தோஷத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, என்றைக்குமில்லாத இனிமையோடு, இரண்டு விசில் கொடுத்தான்.

வண்டி கிளம்பியது. என்ன அழகாக எடுக்கிறார் இன்னாசி என்று நல்லுசாமி ரசித்தான். உள்ளே நின்று இத்தனை வருஷம் தெரியவில்லை, வெளியே நின்று பார்த்தால் அல்லவா தெரிகிறது, ஒரு குலுக்கல் கிடையாது, கிளட்சை விடுவதில் என்ன ஒரு பதவிசு. பின்பக்கம் எழுதியிருந்த விளம்பரத்தை ஒரு தரம் முழுக்கப் படித்துவிட்டுத்தான், டிக்கெட் பை தன் தோளில் இருப்பதும், வண்டி அந்தப் பக்கம் இருப்பதும் அவனுக்கு உறைத்தது. “கண்டக்டரே, உங்க வண்டிதானே அது?” என்றார் ஜூஸ்காரர். நல்லுசாமி ஓடினான். பை இடுப்பில் இடிக்க, சில்லறை குலுங்க, ஓடிக்கொண்டே ஒரு விசில் கொடுத்தான், ஒரே விசில், காட்டூர் முழுக்கக் கேட்கிற மாதிரி நீளமாக. பஸ்ஸுக்குள் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது. இருநூறடி தள்ளி வண்டி நின்றது. முன்படியில் தொற்றி ஏறியவனைப் பார்த்து மொத்த வண்டியும் சிரித்தது, “இவரு டிக்கெட் எடுத்தாரான்னு கேளுங்க” என்று வாழைத்தார்க்காரர் குரல் கொடுத்தார். நல்லுசாமிக்கும் சிரிப்புத்தான் வந்தது.

“ஏன்யா நல்லு, நீயே ஊதிட்டு நீயே ஏறலன்னா நான் யாரக் கேட்டு வண்டியெடுக்குறது?” என்றார் இன்னாசி, வண்டியை நகர்த்திக்கொண்டே. நல்லுசாமி இன்ஜின் பெட்டிமேல் சாய்ந்து மூச்சு வாங்கினான். ஒருவனிடம் சொன்ன வாய்க்கு இரண்டாவது ஆளிடம் சொல்ல வெட்கமில்லை. வீட்டுக்கு வரப்போகிற பஸ்ஸைச் சொன்னான், ஸ்டியரிங்கைச் சொன்னான், குரலைத் தாழ்த்தி மற்றதையும் சொன்னான். “எனக்குச் செவப்பு பச்ச தெரியாதுண்ணே. அதுலதான் டிரைவர் வேல போச்சு. இவ்ளோ நாளா யாருகிட்டயும் சொல்லல.” இன்னாசி ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “புள்ளி வெச்ச பொஸ்தகமா?” என்றார். “ஆமாண்ணே.” “நீ அன்னிக்கு வரிசையில எத்தனாவது ஆளு?” “மொத ஆளுண்ணே. அஞ்சு மணிக்கே போயிட்டேன்.” “அதான்” என்றார் இன்னாசி. “உனக்கு ரொம்ப முன்னாடி நான் போனப்ப, ஏழாவது ஆளு. எனக்கு முன்னாடி போன ஆறு பேரும் உள்ள சத்தமா படிச்சானுங்க. பன்னெண்டு, எட்டு, இருவத்தொம்போது, அஞ்சு, மூணு. நான் கதவோரம் நின்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயி கடகடன்னு ஒப்பிச்சேன். இன்னிக்கு வரைக்கும் எத்தன செக்கப்பு, அதே பொஸ்தகம், அதே நம்பரு.”

நல்லுசாமி அவரைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி, நரைத்த மீசை, பேர்போன நிதானம். முதலில் கோபம்தான் வந்தது, நல்ல கோபம். ஐந்து மணிக்குப் போகாமல் ஒரு ஆறு மணிக்குப் போயிருக்கக் கூடாதா, ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா! அந்த ஒரு டீயில் இருபத்திரண்டு வருஷம் போய்விட்டதே. இரண்டு பேரில் அந்த இன்னொருத்தன் வண்டிக்குள் இல்லை, வண்டியையே ஓட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு எங்கிருந்தோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் எது சிரிப்பு, எது அழுகை என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. திருவெறும்பூர் சிக்னல் வந்தது. முன்னால் வண்டி இல்லை, வெயில் விளக்கின்மேல் பட்டு அடித்தது. இன்னாசி வேகத்தைக் குறைத்து, கண்ணைச் சுருக்கி, நல்லுசாமியைப் பார்த்தார். “மேலயா கீழயா?” என்றார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் முதல்முதலாகக் கேட்கிறார். நல்லுசாமி கண்ணாடியோரம் குனிந்து அண்ணாந்து பார்த்தான். “மேலண்ணே.” வண்டி கோட்டுக்கு இந்தப்புறம் நின்றது.

“உன் வண்டி வந்ததும் சொல்லு” என்றார் இன்னாசி, ஸ்டியரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டே. “ஞாயித்துக்கிழம வாரேன். நீ ஓட்டு.”

“அதுல கண்டக்டரே கிடையாதுண்ணே.”

“அதான் வாரேங்கிறேன். விசிலையும் எடுத்து வை.”

கீழே எரிந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நல்லுசாமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் வண்டிக்குள்தான் இருக்கிறோமா என்று ஒரு தரம் சரிபார்த்துவிட்டு, இரண்டு விசில் கொடுத்தான்.